சென்ற் றாடெகுண்ட் கமக்காரர்: ஒரு குடும்ப வரலாறு

வரலாறென்பது மன்னர்களதும் படைத்தலைவர்களதும் கதை மட்டுமன்று என்பதை முதலாம் வருட விரிவுரைகளிலேயே நாம் கேட்டுவிடுகின்றோம். ஆயினும் பரீட்சை மண்டபத்தில் விடையெழுதப் புகும்போது நம் நினைவிற்கு வருவன உடன்படிக்கைகளும் முடிசூட்டு விழாக்களுமே. இதற்கு நாம் மட்டும் பொறுப்பாளிகளல்லர். உழுது பயிரிட்டு, ஞாயிறுதோறும் கோயிலுக்குச் சென்று, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து மடிந்துபோன ஒரு கமக்காரனைப் பற்றி வரலாற்று மாணவனுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று பதிவுகளே: ஞானஸ்நானப் பதிவு, விவாகப் பதிவு, மரணப் பதிவு. காணி உறுதியொன்று அகப்படின் அது பெரும்பேறு. அம்மனிதன் எதை எண்ணினான், எதற்கு அஞ்சினான், இரவில் தன் மனைவியுடன் எதைப் பற்றி வாதிட்டான் என்பனவெல்லாம் அவனோடு மண்ணுக்குள் போய்விடுகின்றன.

இப்பொது விதிக்கு விலக்காக அமைந்த ஒருவரின் வரலாற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. ஒஸ்திரிய நாட்டில் சென்ற் றாடெகுண்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பிரான்ஸ் யேகர்ஸ்ரெற்றர் (1907–1943) என்னும் கமக்காரரும் அவருடைய மனைவி பிரான்சிஸ்காவும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் பெருந்தொகையில் எஞ்சியுள்ளன. ஒரே கூரையின் கீழ் வாழும் கணவனும் மனைவியும் கடிதம் எழுதுவதில்லை. அரசு அவரைப் படைமுகாமுக்கும், பின்னர் சிறைக்கும் கொண்டுசென்றமையாலேயே அக்கடிதங்கள் பிறந்தன. அவரைக் கொன்ற அரசே அவரது வாழ்க்கைக்கான மூலாதாரங்களை உண்டாக்கிக் கொடுத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

சென்ற் றாடெகுண்ட், மேல் ஒஸ்திரிய மாகாணத்தின் மேற்கெல்லையில், சால்சாக் ஆற்றங்கரையை அடுத்து அமைந்தது. ஆற்றுக்கு அப்பால் ஜேர்மனியின் பவேரியா. இன் நதிப் பிரதேசம் எனப்படும் இந்நிலப்பரப்பு 1779ஆம் ஆண்டின் ரெஷன் உடன்படிக்கை வரை பவேரியாவுக்கே உரியதாயிருந்தது. எனவே மக்களின் பேச்சு, வழக்கங்கள், வழிபாடு ஆகியவற்றில் எல்லைக்கோடு பெரிய வேற்றுமையை உண்டாக்கவில்லை. இதே பிரதேசத்துப் பிரவுனவ் நகரிலேதான் 1889ஆம் ஆண்டு அடொல்ப் ஹிட்லர் பிறந்தார். ஒரு நாள் நடைத்தூரத்துக்குள் இவ்விருவரும் பிறந்தனர் என்பதைப் பலர் வியப்புடன் எடுத்துக்காட்டுவர். இந்த ஒற்றுமையில் எனக்கு அத்துணை ஈடுபாடில்லை. மண் ஒன்றாயிருப்பதால் மனிதர் ஒன்றாவதில்லை என்பது நம் ஊர்களில் யாருக்குத்தான் தெரியாது?

யேகர்ஸ்ரெற்றர் 1907ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி பிறந்தார். பிறக்கும்போது அவருக்கு அந்தக் குடும்பப் பெயர் இருக்கவில்லை. தாய் றொசாலியா ஹூபர் பண்ணையொன்றில் வேலை செய்த கூலிப்பெண். தந்தை பிரான்ஸ் பாக்மையர் ஒரு கமக்காரரின் மகன். இருவரும் மணந்துகொள்ளவில்லை, மணந்துகொள்வதற்குரிய பொருள்வளம் அவர்களிடம் இருக்கவில்லை. இதை ஒழுக்கக் குறைபாடாக மட்டும் நோக்குவது வரலாற்றுப் பார்வையாகாது. ஒஸ்திரியாவின் மலையடிவாரக் கமச் சமூகத்தில் காணி பங்கிடப்படுவதில்லை. பண்ணை முழுவதும் பிள்ளைகளுள் ஒருவருக்கே செல்லும். ஏனையோர் சகோதரனின் வீட்டிலோ அயற் பண்ணையிலோ வேலையாட்களாக வாழ்ந்து முடிவர். குடும்பம் நடத்தக் காணி வேண்டும், காணியில்லாதவனுக்குக் கலியாணமில்லை. வறியோர் மணம் புரிவதற்கு அதிகாரிகளின் சம்மதத்தை வேண்டிநின்ற சட்டங்களும் 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிற் பல பகுதிகளில் நிலவின. சட்டம் நீங்கிய பின்னரும் வழக்கம் நீங்கவில்லை. எனவே விவாகமின்றிப் பிறந்த குழந்தைகள் அப்பகுதிகளில் அபூர்வமானவர்களல்லர். பிள்ளைகளுக்கெல்லாம் காணியைச் சீதனமாகவும் முதுசொமாகவும் துண்டு துண்டாகப் பங்கிட்டு, ஈற்றில் எவருக்கும் போதாமற் செய்துகொள்ளும் நம் வழக்கத்தோடு இதனை ஒப்புநோக்கினால், காணியுரிமை ஒரு சமூகத்தின் குடும்ப அமைப்பை எவ்வாறு வனைகின்றதென்பது தெளிவாகும்.

குழந்தையை வளர்த்தவர் தாயின் தாயாராகிய எலிசபெத் ஹூபர். வறுமையிலும் பக்தியிலும் ஊறிய மூதாட்டியென அவரைப் பற்றிய குறிப்புகள் கூறும். ஓரறைப் பள்ளிக்கூடத்தில் கல்வி, போர்க்காலப் பசி, வறியவனென்று ஏனைய பிள்ளைகளால் தள்ளிவைக்கப்பட்ட அனுபவம். இவையே அவருடைய இளமை. 1915ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போரில் தந்தை பாக்மையர் கொல்லப்பட்டார். அப்போது மகன் சிறுபிள்ளை. இந்தச் செய்தியை வாசகர் மனத்திலிருத்திக்கொள்ளல் வேண்டும்; பின்னர் இதற்கு மீள்வோம்.

1917இல் றொசாலியா, லேஹர் பண்ணையின் உரிமையாளரான ஹைன்றிக் யேகர்ஸ்ரெற்றரை மணந்தார். அவர் சிறுவனைத் தத்தெடுத்துத் தம் பெயரையும் வழங்கினார். பெயரோடு பண்ணையும் வந்தது. காணியற்ற கூலிப்பெண்ணின் மகன், ஒரு கையெழுத்தினால் காணிக்காரரின் வாரிசானார். அவ்வீட்டிலே இன்னொரு செல்வமும் இருந்தது. வளர்ப்புத் தந்தையின் தந்தையார் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் ஈடுபாடுள்ளவர். அவருடைய புத்தகங்கள் சிறுவனின் கைக்கு எட்டின. வாசிப்புப் பழக்கம் அன்று தொடங்கியது. சிறைக்கூடம் வரை அவரை விட்டு அகலவில்லை. பிற்காலத்தில் மற்றவரெல்லாம் கேட்காத கேள்விகளை இவர் கேட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

இளைஞரான யேகர்ஸ்ரெற்றரைப் பற்றி ஊரார் சொன்னவை பலருக்கு வியப்பளிக்கும். அவர் பிறவித் துறவியல்லர். சண்டைக்கும் நடனத்துக்கும் முன்னிற்பவர். 1927இல் ஊரை விட்டு ஸ்ரைரியா மாகாணத்து ஐசனேர்ஸ் இரும்புச் சுரங்கத்துக்கு வேலை தேடிச் சென்றார். சோசலிசக் கருத்துகள் வேரூன்றிய அத்தொழிலாளர் சூழலில் கோயிலுக்குப் போவதையும் சிறிது காலம் கைவிட்டார் என்பர். 1930இல் ஊர் திரும்பியபோது மோட்டார் சைக்கிள் ஒன்றோடு வந்தார். அக்கிராமம் கண்ட முதலாவது மோட்டார் சைக்கிள் அதுவே. 1933இல் பண்ணைக் கூலிப்பெண் ஒருவர் மூலம் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். விவாகம் நடைபெறவில்லை. தம் தாயின் கதையே, வேடம் மாறித் தம்மிடம் திரும்பிவந்ததை அவர் உணர்ந்திருப்பார் என்றே எண்ணத் தோன்றுகின்றது. அம்மகளின் பராமரிப்பை அவர் கைவிடவில்லை.

1936ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி, பெரிய வியாழனன்று அதிகாலையில், அயற் கிராமத்துப் பிரான்சிஸ்கா ஷ்வானிங்கரை மணந்தார். விருந்தில்லை, இசையில்லை. பூசை முடிந்ததும் இருவரும் றோமாபுரிக்கு யாத்திரை புறப்பட்டனர். கமக்காரர் தேனிலவு செல்லும் வழக்கம் அவ்வூரில் இல்லை. கலியாணத்தை வைத்து ஊர் குடித்து மகிழ்வதே வழக்கம். இருவரும் வேதாகமத்தைச் சேர்ந்து வாசித்தனர். அடிக்கடி நற்கருணை பெற்றனர். 1937, 1938, 1940ஆம் ஆண்டுகளில் மூன்று பெண்மக்கள் பிறந்தனர். மனைவிக்கு வீட்டில் உதவுவதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திரிவதும் ஆண்மைக்கு இழுக்கென்று கருதப்பட்ட ஒரு சூழலில் அவர் இவற்றைக் கூச்சமின்றிச் செய்தார்.

கணவரின் பிற்கால நடத்தைக்கெல்லாம் மனைவியின் மிதமிஞ்சிய பக்தியே காரணமென ஊரார் பின்னாளிற் குற்றஞ்சாட்டினர். அவருடைய தாயாரும் அவ்வாறே எண்ணினார். இக்குற்றச்சாட்டை வரலாற்றாசிரியர் அப்படியே ஏற்றல் தகாது. ஓர் ஆண்மகன் ஊரோடு ஒத்துப்போகாவிடின் அவன் மனைவியைச் சுட்டிக்காட்டுவது எல்லாச் சமூகங்களுக்கும் எளிதான வழியாகவே இருந்துவந்துள்ளது. கடிதங்கள் காட்டுவது வேறொரு படம்: இருவர் ஒரே வேகத்தில் நடந்துசென்ற படம் அது.

1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜேர்மன் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தன. மார்ச் 18ஆம் திகதி ஒஸ்திரிய மேற்றிராணிமார் கையொப்பமிட்ட அறிக்கையொன்று, வரவிருந்த குடியொப்பத்தில் விசுவாசிகள் இணைப்புக்குச் சார்பாக நிற்பர் என்னும் எதிர்பார்ப்பை வெளியிட்டது. இதே திருச்சபையின் லின்ஸ் மேற்றிராணியாரான க்போல்னர், ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1933 யனவரியில் வெளியிட்ட மேய்ப்புத் திருமுகத்தில், நல்ல கத்தோலிக்கனாகவும் உண்மையான தேசிய சோசலிசவாதியாகவும் ஒருங்கே இருத்தல் இயலாதென்று கண்டிப்பாகக் கூறியிருந்தார். சாதாரண கமக்காரன் எந்தக் குரலைக் கேட்பது? பெரும்பாலோர் புதிய குரலைக் கேட்டனர். யேகர்ஸ்ரெற்றர் பழைய திருமுகத்தை மறக்கவில்லை. ஏப்பிரல் 10ஆம் திகதி நடைபெற்ற குடியொப்பத்தில் சென்ற் றாடெகுண்டில் இல்லையென்று வாக்களித்தவர் அவர் ஒருவரே. ஆனால் உத்தியோகபூர்வ முடிவு நூற்றுக்கு நூறு ஆமென்றே அனுப்பப்பட்டது. அவ்வொரு வாக்கு மறைக்கப்பட்டது. ஊரைக் காப்பாற்றவா, அவரைக் காப்பாற்றவா, அல்லது முழுமைக் கணக்கு அழகாயிருக்கும் என்பதற்காகவா? மூன்றும் சேர்ந்தேயிருக்கலாம். அரசாங்கப் புள்ளிவிபரங்களை ஆதாரமாகக் கொள்வோர் இந்த ஒரு வாக்கின் கதையை நினைவிற் கொள்வது நன்று.

ஊர்த்தலைவர் பதவியை ஏற்குமாறு கேட்கப்பட்டபோது அவர் மறுத்தார். புதிய அரசு வழங்கிய குடும்ப உதவிப் பணத்தையும் ஏற்கவில்லை. கட்சிக்கான நிதிச் சேகரிப்புகளுக்குக் கொடுக்கவில்லை, ஏழைகளுக்குக் கொடுத்தார். பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் சிறு கமக்காரன் தனக்கு உரித்தான பணத்தை வேண்டாமென்பது, அரசியல் மேடையில் நின்று முழங்குவதிலும் கடினமானது என்றே கருதுகின்றேன்.

1940 யூனில் பிரவுனவிலே படைக்கு அழைக்கப்பட்டார். ஊர்த்தலைவரின் தலையீட்டால் சில நாள்களில் விடுவிக்கப்பட்டார். ஒக்ரோபரில் மீண்டும் அழைப்பு. என்ஸ் நகரில் சாரதிப் பயிற்சி. அங்கிருக்கும்போதே, அவ்வாண்டு டிசெம்பரில், புனித பிரான்சிஸ்குவின் மூன்றாஞ் சபையிற் சேர்ந்தார். 1941 ஏப்பிரலில், கமத்துக்கு இன்றியமையாதவரென்ற காரணத்தால் வீடு திரும்பினார். உணவு உற்பத்திக்கு ஆள் வேண்டுமென்பதால் கமக்காரர்க்கு இவ்வாறான விலக்குகள் கிடைத்துவந்தன. எனவே அவர் போரையே அறியாமல், ஏட்டறிவால் மறுத்தவரல்லர். சீருடை அணிந்தவர், சத்தியப்பிரமாணம் செய்தவர், படைவாழ்வை உள்ளிருந்து கண்டவர். வீடு திரும்பும்போதே இனியொரு முறை அழைத்தால் போவதில்லையென்று தீர்மானித்துவிட்டார். மனநோயாளரை அரசு இரகசியமாகக் கொன்றொழிக்கும் செய்தியும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அக்கொலைநிலையங்களுள் ஒன்றான ஹார்ட்ஹைம் மாளிகை, அவருடைய மாகாணத்திலேயே, லின்ஸ் நகருக்கு அண்மையில் இருந்தது.

இக்காலத்தில் அவர் ஊர்க் கோயிலிற் பணிவிடையாளராகவும் பொறுப்பேற்றார். மணியடித்தல், பீடத்தை ஆயத்தஞ்செய்தல், பூசைக்கு உதவுதல், சவ அடக்கங்களில் உடன்நிற்றல் ஆகியன அப்பணியில் அடங்கும். போர்முனையில் இறந்த ஊர் இளைஞர்களுக்கான இரங்கற் பூசைகளிலும் அவரே பணிசெய்தார். பங்குக் குரவர் கறோபாத், பிரசங்கமொன்றின் காரணமாக 1940இல் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் அம்மாவட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் பியூர்தௌவர் என்னும் இளங்குரு.

1941இலிருந்து 1943 வரையுள்ள காலமே இவ்வரலாற்றில் மிக ஆழமானது. தம் முடிவு சரியா என்று அவர் பலரையும் கேட்டார். எழுத்திலே தம் ஐயங்களை வினாவும் விடையுமாக வரைந்துவைத்தார். ஓரறைப் பள்ளிக்கூடத்தோடு கல்வி முடிந்த ஒருவரின் குறிப்பேடுகள் அவை. அவருடைய வாதம் போரனைத்தும் பாவமென்பதன்று. யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் சபையினர் படைச்சேவையை முற்றாக மறுத்தனர். அவருடைய உறவினர் ஒருவரும் அச்சபையைச் சேர்ந்தவராயிருந்தமையால், அவர்களின் செல்வாக்கே இவரைக் கெடுத்ததென ஊரிற் சிலர் பேசினர். ஆனால் அச்சபையினர்க்கு ஒரு கூட்டம் இருந்தது. கூட்டத்தின் கட்டளை இருந்தது. யேகர்ஸ்ரெற்றர்க்குத் தம் சபையின் பழைய போதனை மட்டுமே இருந்தது: போர் நீதியானதாயிருத்தல் வேண்டும். அயல் நாடுகளைப் பறிப்பதற்காகவும் கோயிலையே ஒடுக்குவதற்காகவும் நடக்கும் போர் எவ்வாறு நீதியானதாகும்? இது ஞானோபதேச வகுப்பிற் கற்றுத்தந்ததன் நேர் விளைவு. கற்றுக்கொடுத்தவர்களே பின்னர் அதைக் கேட்கத் துணியாமற் போனதுதான் கொடுமை.

அவர் லின்ஸ் நகருக்குச் சென்று, க்போல்னரின் மறைவுக்குப் பின் மறைமாவட்டப் பொறுப்பை ஏற்றிருந்த மேற்றிராணியார் பிளீசரைக் கண்டார். குடும்பத் தலைவர் என்ற கடமையே அவர்க்கு முதன்மையானது. அரசின் செயலுக்கு ஒரு சாதாரண குடிமகன் பொறுப்பாளியல்லன் என்பதே கிடைத்த பதில். வெளியே காத்திருந்த மனைவியிடம், மேற்றிராணியார் மனம் திறந்து பேசத் துணியவில்லையென்றும், வந்திருப்பவன் ஒற்றனாயிருக்கலாமென அஞ்சினார் போலும் என்றும் அவர் கூறினார். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. வெளியேற்றப்பட்ட கறோபாத்தையும் கண்டார். அவரும் முதலில் மனத்தை மாற்றவே முயன்றார். ஆனால் வேதாகமத்தைக் கொண்டே இக்கமக்காரர் தம்மை வென்றுவிட்டதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

போருக்குச் செல்ல மறுப்பவர்க்கு மரணமே தண்டனை; இது எல்லோருக்கும் தெரிந்ததே. எனவே எல்லோரும் அவரிடம் எடுத்துரைத்த வாதம் ஒன்றுதான்: மூன்று குழந்தைகளைத் தகப்பனற்றவர்களாக்கும் உரிமை உனக்குண்டா? இங்கேதான் 1915ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். தகப்பனைப் போரில் இழந்த பிள்ளையின் வாழ்வு எத்தகையதென்பதை அவ்வாதத்தைச் சொன்னவர்களிலும் அவரே நன்கறிவார். அறிந்தே மறுத்தார். தந்தை பாக்மையர் கட்டளைக்குப் பணிந்து சென்று இறந்தார்; அவருடைய மகனும் தகப்பனற்றவனானான். பணிந்தாலும் பிள்ளைகள் அநாதைகளாகலாம் என்பது அவர் குடும்ப வரலாறு கற்றுத்தந்த பாடம். அவர் இவ்வாறு எண்ணினார் என்பதற்கு நேரடிச் சான்று என்னிடமில்லை. என் ஊகமாகவே இதைச் சொல்கின்றேன். ஆயின் குடும்பப் பாசமற்ற மதவெறியனாக அவரைச் சித்திரிப்போர்க்கு அவருடைய கடிதங்களே போதிய மறுப்பாகும்.

பிரான்சிஸ்காவும் தொடக்கத்தில் அவர் மனத்தை மாற்ற முயன்றார். உறவினர்கள் ஒவ்வொருவராய் வந்து வாதிட்டதைக் கண்டபின், தாமும் அவருக்கெதிராய் நின்றால் அவருக்கு உலகில் எவருமே இரார் என்பதை உணர்ந்து அவர் பக்கம் நின்றார். ஒரு விவாகத்தின் வலிமையை இதனிலும் தெளிவாய்க் காட்டும் செய்தியை நான் வாசித்ததில்லை.

1943 பெப்ரவரியில் மூன்றாவது அழைப்பு வந்தது. மார்ச் 1ஆம் திகதி அவர் என்ஸ் முகாமுக்குச் சென்று தம் மறுப்பை அறிவித்தார். ஓடி ஒளிந்திருக்கலாம், காடும் மலையும் அருகிலிருந்தன. ஆனால் தப்பியோடினால் குடும்பம் பழிவாங்கப்படும் என்பதை அவர் அறிவார். ஆயுதமேந்தாது மருத்துவப் பணியாளராய்ச் சேவை செய்ய ஆயத்தமென்றும் தெரிவித்தார். அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. லின்ஸில் இரண்டு மாதங்கள். மே மாதத்தில் பேர்லினின் ரேகல் சிறைக்கு மாற்றம். யூலை 6ஆம் திகதி, இராச்சிய இராணுவ நீதிமன்று, படைவலுவைக் குலைத்த குற்றத்துக்காக அவருக்கு மரணதண்டனை விதித்தது, குடியுரிமைகளும் பறிக்கப்பட்டன.

சிறையிலிருந்து வந்த கடிதங்கள் வீரவுரைகளல்ல. வயலில் எந்த வேலை நடக்கின்றது, குழந்தைகள் என்ன சொன்னார்கள், அவர்கள் சச்சரவின்றி இருக்கிறார்களா என்பனவே அவற்றில் நிறைந்திருந்தன. ஊரில் மனைவியும் வயோதிபத் தாயும் பண்ணையின் முழுப் பாரத்தையும் சுமந்தனர். பருவமும் பயிரும் மரணதண்டனைக்காகக் காத்திருப்பதில்லை. கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர்க்கு இக்கடிதங்களின் துயரம் விளங்க விளக்கவுரை வேண்டியதில்லை.

தண்டனை விதிக்கப்பட்டபின், யூலை நடுப்பகுதியில், பிரான்சிஸ்காவும் இளங்குரு பியூர்தௌவரும் பேர்லினுக்குச் சென்றனர். வழக்கறிஞரும் அதிகாரிகளும் இறுதி முயற்சியாக ஏற்பாடு செய்த சந்திப்பு அது. கிடைத்தது ஏறத்தாழ இருபது நிமிடம். குழந்தைகளுக்காக அவர் சேகரித்துவைத்திருந்த இனிப்பைக்கூடக் கையிற் கொடுக்க அனுமதி கிடைக்கவில்லை. குருவானவர் மீண்டும் மனத்தை மாற்ற முயன்றார், மனைவி முயலவில்லை. சிறையின் குருவானவர் ஒருவர் மூலம், ஹிட்லருக்குச் சத்தியப்பிரமாணஞ் செய்ய மறுத்து 1942 ஓகஸ்டிற் கொல்லப்பட்ட பிரான்ஸ் றைனிஷ் என்னும் குருவைப் பற்றி அவர் அறிந்தார். தாம் தனியரல்லர் என்னும் அச்செய்தி அவருக்குப் பெரும் ஆறுதலளித்தது. அதுவரை அவருக்கு அப்படியொரு துணை இருந்ததாகத் தெரியவேயில்லை.

1943 ஓகஸ்ட் 9ஆம் திகதி பிரண்டன்பேர்க் சிறையில், பிற்பகல் நான்கு மணிக்கு, அவர் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். வயது முப்பத்தாறு. மூத்த மகளுக்கு ஆறு வயது நிரம்பவில்லை, இளையவளுக்கு மூன்று. பிரண்டன்பேர்க்கில் பணியாற்றிய ஒஸ்திரியக் கன்னியாஸ்திரிகள் அவருடைய சாம்பல் புதைக்கப்பட்ட இடத்தைக் கவனித்து வைத்திருந்தனர். 1946இல் அது ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் மணியடித்த அதே கோயிலின் சுவரோரம் அடக்கஞ் செய்யப்பட்டது.

கதை இத்துடன் முடிந்திருப்பின் ஆறுதலாயிருந்திருக்கும். போர் முடிந்ததும் ஊர் அவரைப் போற்றவில்லை. கணவன்மாரையும் மகன்மாரையும் போர்முனையிலே பறிகொடுத்த வீடுகள் அங்கே பல இருந்தன. ஒருவர் மறுத்தது சரியென்றால் மற்றவர்கள் சென்றது என்ன? இந்தக் கேள்வியை ஊர் தாங்கிக்கொள்ள இயலவில்லை. அதனால் அவரைக் கிறுக்கரென்றும் குடும்பத்தைக் கைவிட்டவரென்றும் சொல்லிவைத்தது. அந்த ஊரை எளிதிற் கண்டிக்கும் மனநிலை எனக்கில்லை. போரில் இறந்தவர்களை எவ்வாறு நினைவுகூர்வதென்பதில் ஒரு வீட்டுக்குள்ளேயே இரு கருத்துகள் நிலவும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். ஆனால் பிரான்சிஸ்கா கொடுத்த விலையை மறைத்துவிடவும் இயலாது. போரில் இறந்தோரின் மனைவியர்க்குரிய உதவித்தொகை 1950ஆம் ஆண்டு வரை அவருக்கு மறுக்கப்பட்டது. பண்ணையைத் தனியே நடத்தி மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். மறைமாவட்டமும் மௌனங் காத்தது. போர் முடிந்த அண்மைக் காலத்தில் அவரைப் பற்றிய கட்டுரையொன்றைத் திருச்சபைப் பத்திரிகையில் வெளியிடுவதற்கு மேற்றிராணியார் பிளீசர் இடந்தரவில்லை. கடமையென நம்பிச் சென்று மடிந்த இளைஞரே மேலான முன்மாதிரியென்பது அவர் கருத்து.

இந்த மௌனத்தை உடைத்தவர் ஓர் அந்நியர். கோர்டன் சான் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர், தாமும் இரண்டாம் உலகப் போரிற் படைச்சேவையை மறுத்த கத்தோலிக்கர், 1960களின் தொடக்கத்தில் சென்ற் றாடெகுண்டுக்கு வந்து ஊராரையும் குருமாரையும் செவ்விகண்டு 1964இல் ஒரு நூலை வெளியிட்டார். ஊரார் யேகர்ஸ்ரெற்றரைப் பற்றிச் சொன்னவற்றோடு தம்மைப் பற்றிச் சொல்லாமற் சொன்னவற்றையும் அவர் பதிவுசெய்தார். வாய்மொழி வரலாற்றைக் கையாள விரும்பும் மாணவர்க்கு அது நல்லதொரு பாடம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்போது இவ்விடயத்தை எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் தோமஸ் றொபேட்ஸ். நம் அயலிலுள்ள பம்பாயில் முன்னர் அதிமேற்றிராணியாராயிருந்தவர். மனச்சான்றின் பொருட்டு ஆயுதமேந்த மறுப்போர்க்குச் சட்டங்கள் மனிதாபிமானத்தோடு இடமளித்தல் நன்றென அச்சங்கம் அவ்வாண்டு அறிவித்தது.

சானின் நூலிலும் ஒரு குறை தோன்றுகின்றது. அதன் தலைப்பே தனித்து நின்ற சாட்சி என்னும் பொருளை உடையது. உண்மையில் அவர் முற்றாகத் தனித்து நிற்கவில்லை. பிரான்சிஸ்கா பாதுகாத்துவைத்திருந்த கடிதங்களையும் அவருடைய வாய்மொழியையும் கொண்டு ஏர்னா புட்ஸ் என்னும் அம்மையார் 1980களில் எழுதிய வரலாறே அவ்வீட்டின் கதவைத் திறந்து, மனைவியையும் வெளியே அழைத்துவந்தது. 1971இல் அக்சல் கோர்ட்டியும் 2019இல் ரெறன்ஸ் மலிக்கும் இவ்வரலாற்றைத் திரைப்படமாக்கினர்.

1997இல் பேர்லின் நீதிமன்றமொன்று மரணதண்டனைத் தீர்ப்பை இரத்துச் செய்தது. 2007 ஒக்ரோபர் 26ஆம் திகதி, ஒஸ்திரியாவின் தேசிய தினத்தன்று, லின்ஸ் பேராலயத்தில் யேகர்ஸ்ரெற்றர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். தொண்ணூற்று நான்கு வயதான பிரான்சிஸ்கா மகள்மாரோடு முன்வரிசையிலே இருந்தார். கணவரின் சாம்பல் அடங்கிய பேழையைப் பீடத்துக்குக் கையளிக்குமுன் அதனை முத்தமிட்டார். 2013 மார்ச் மாதம் 16ஆம் திகதி, நூறு வயது நிரம்பிப் பன்னிரண்டு நாள் கழிந்த பின்னர், அவர் காலமானார்.